எடை தொங்கினால் ஸ்பிரிங் எவ்வளவு இறங்கும்? தொட்டில் ஸ்பிரிங்கை வைத்து ஒரு கணக்கு

கொங்கு நாட்டில் பிள்ளை பிறந்த வீட்டில் விட்டத்திலிருந்து ஒரு ஸ்பிரிங் தொங்கும். அதில் ஒரு வளையம், வளையத்தில் பாட்டியின் பழைய நூல் சேலை. அந்த ஸ்பிரிங்கை வாங்கும்போது கடையில் கேட்கப்படும் ஒரே கேள்வி "எத்தனை கிலோ தாங்கும்?" என்பதுதான். அதைவிட முக்கியமான கேள்வி இன்னொன்று உண்டு: கிலோவுக்கு எத்தனை மி.மீ. இறங்கும்? இதற்கு விடை தெரிந்தால் பிள்ளை படுத்ததும் தொட்டில் எவ்வளவு தாழும், தரையில் இடிக்குமா, ஆட்டினால் துள்ளுமா, எந்த எடையில் ஆபத்து என்று எல்லாவற்றையும் வாங்குவதற்கு முன்பே சொல்லிவிடலாம்.

கணக்கு ஒன்றும் கடினமில்லை. ராபர்ட் ஹூக் 1678-ல் அச்சில் சொன்ன விதிதான்: எவ்வளவு இழுக்கிறோமோ அந்த அளவுக்கு நீளும். விசை = மாறிலி × நீட்சி. மாறிலி என்பது அந்த ஸ்பிரிங்கின் விறைப்பு. பள்ளிப் புத்தகத்தில் இதை இரண்டே வரியில் முடித்துவிடுவார்கள். ஆனால் கடையில் வாங்கிய ஸ்பிரிங்கில் இந்த இரண்டு வரியை அப்படியே போட்டால் விடை தப்பும். ஏன் என்பதை அளந்தே பார்த்துவிடலாம்.

அளக்கத் தேவையானவை

ஒரு ஸ்பிரிங், உறுதியான ஒரு கொக்கி, ஸ்டீல் ஸ்கேல், பெயிண்ட் பக்கெட் ஒன்று, தண்ணீர், மளிகைக் கடைத் தராசு. எடைக்கல் கிடைத்தால் நல்லது, இல்லாவிட்டாலும் தண்ணீரே போதும். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. ஆனால் "ஒரு லிட்டர் பாட்டில்" என்பதை நம்பி ஊற்றக் கூடாது. கழுத்துவரை நிரப்பினால் உள்ளே ஒரு லிட்டருக்கு மேல் இருக்கும். தராசில் வைத்து எடை பார்த்து, பாட்டிலில் கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

பக்கெட்டையும் கயிற்றையும் சேர்த்து எடை போடுங்கள். 800 கிராம் வந்தால் உள்ளே சின்னக் கற்களைப் போட்டுச் சரியாக 1 கிலோ ஆக்கிவிடுங்கள். பிறகு கணக்கெல்லாம் முழு எண்ணில் வரும். பக்கெட்டின் எடையைச் சேர்க்க மறப்பதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தவறு.

எங்கிருந்து எங்கே அளப்பது

தரையிலிருந்து பக்கெட் அடி வரைக்கும் அளக்காதீர்கள். எடை ஏறினால் விட்டமோ கம்பியோ கொஞ்சம் வளையும், கயிறு இழுபடும், முடிச்சு இறுகும். இவை எல்லாமே ஸ்பிரிங்கின் கணக்கில் போய்ச் சேரும். சேலையைக் கட்டி அளந்தால் இன்னும் மோசம். நூல் சேலை முதல் தடவை எடை ஏறும்போது விரற்கடை அளவுக்குக் கூட இளகும், அப்புறம் திரும்பாது. அதனால் மேல் கொக்கியின் உள்பக்கத்திலிருந்து கீழ்க் கொக்கியின் உள்பக்கம் வரை, ஸ்பிரிங்கின் மேலேயே அளக்க வேண்டும்.

ஸ்கேலை ஸ்பிரிங்கை ஒட்டிப் பிடித்து, கண்ணை அளவுக் கோட்டுக்கு நேராகக் கொண்டுவந்து படியுங்கள். மேலிருந்து எட்டிப் பார்த்தால் இடமாறு தோற்றப் பிழையால் 2 மி.மீ. வரை சுலபமாகத் தவறும். பக்கெட்டின் ஆட்டம் முழுக்க நின்ற பிறகே படியுங்கள். ஸ்பிரிங் நீளும்போது லேசாகத் திரும்பவும் செய்யும். அது பழுதல்ல, சுருள் கம்பியின் இயல்பு.

ஒரு ஸ்பிரிங், ஏழு அளவு

எடுத்துக்காட்டுக்கு ஒரு ஸ்பிரிங்: கம்பி 4 மி.மீ., வெளிவிட்டம் 36 மி.மீ., 40 சுற்று, இரு முனையிலும் கொக்கி. சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கின்றன. எடை இல்லாமல் கொக்கிக்குக் கொக்கி 220 மி.மீ. முதலில் பக்கெட்டில் ஒரு லிட்டர், பிறகு இரண்டிரண்டு லிட்டராக ஊற்றினால் கிடைக்கும் அளவுகள் இப்படி இருக்கும் (எடை என்பது பக்கெட்டையும் சேர்த்து):

2 கிலோ: 220 மி.மீ.
4 கிலோ: 220 மி.மீ.
6 கிலோ: 230 மி.மீ.
8 கிலோ: 240.5 மி.மீ.
10 கிலோ: 250.5 மி.மீ.
12 கிலோ: 261 மி.மீ.
14 கிலோ: 271 மி.மீ.

முதல் இரண்டு வரிகளைப் பாருங்கள். 4 கிலோ தொங்கியும் ஸ்பிரிங் அசையவே இல்லை. ஒட்டிச் சுற்றிய இழுவை ஸ்பிரிங்கில் சுற்றுகள் ஒன்றையொன்று அழுத்திக்கொண்டே இருக்கும். கம்பியைச் சுற்றும்போதே அந்த இறுக்கம் உள்ளே வைக்கப்படுகிறது. இதை முன்னிறுக்கம் என்று வைத்துக்கொள்வோம். தொங்கும் எடை இந்த இறுக்கத்தைத் தாண்டிய பிறகுதான் சுற்றுகள் பிரியத் தொடங்கும். எனவே நம் விதியைக் கொஞ்சம் திருத்த வேண்டும்: விசை = முன்னிறுக்கம் + மாறிலி × நீட்சி.

இதைக் கவனிக்காதவர் என்ன செய்வார்? 10 கிலோவை மட்டும் தொங்கவிட்டு, 30.5 மி.மீ. நீண்டது, ஆக கிலோவுக்கு 3.05 மி.மீ., 20 கிலோவுக்கு 61 மி.மீ. என்று எழுதுவார். உண்மையில் அந்த ஸ்பிரிங் 20 கிலோவுக்குக் கிட்டத்தட்ட 82 மி.மீ. இறங்கும். இரண்டு செ.மீ. தவறு. ஒரே எடையை வைத்து மாறிலி கண்டுபிடிக்கவே கூடாது. மாறிலி கிடைப்பது இரண்டு எடைகளுக்கு இடையிலான வித்தியாசத்தில்.

சரியான கணக்கு இது. 6 கிலோவிலிருந்து 14 கிலோவுக்குப் போக 8 கிலோ கூடியது; நீளம் 230-லிருந்து 271-க்குப் போனது, அதாவது 41 மி.மீ. கூடியது. 41-ஐ 8-ஆல் வகுத்தால் கிலோவுக்கு 5.125 மி.மீ. இது முதல் எண். இனி முன்னிறுக்கம்: 6 கிலோவில் ஸ்பிரிங் 10 மி.மீ. திறந்திருக்கிறது. 10 மி.மீ. திறக்க 10 ÷ 5.125 = 1.95 கிலோ போதும். மீதி 4.05 கிலோ முன்னிறுக்கத்துக்குப் போனது. இது இரண்டாம் எண்.

இந்த இரண்டு எண்களும் கையில் இருந்தால் எந்த எடைக்கும் ஒரே வரிதான்: நீட்சி = (எடை − 4.05) × 5.125. 20 கிலோவுக்கு 15.95 × 5.125 = 81.7 மி.மீ.

கட்டத் தாளில் வரைந்து பார்ப்பது இன்னும் நல்லது. எடையைக் கிடையாகவும் நீளத்தை நெட்டாகவும் வைத்து ஏழு புள்ளிகளைக் குறியுங்கள். முதல் இரண்டும் தட்டையாகக் கிடக்கும், மற்ற ஐந்தும் ஒரே சாய்கோட்டில் நிற்கும். ஒரு புள்ளி மட்டும் விலகி நின்றால் அந்த அளவைத் தப்பாகப் படித்திருக்கிறீர்கள், திரும்ப அளங்கள். திறக்கத் தொடங்கும் இடத்துக்கு மிக அருகில் உள்ள புள்ளிகளைச் சாய்வுக் கணக்கில் சேர்க்காதீர்கள். அங்கே சில சுற்றுகள் பிரிந்தும் சில பிரியாமலும் இருக்கும், கோடு மூலையில் மழுங்கும்.

ஏற்றிய தண்ணீரை அதே படிகளில் மொண்டு எடுத்துக்கொண்டே இறக்கத்திலும் அளங்கள். கடைசியில் வெறும் ஸ்பிரிங் பழையபடி 220-க்கு வர வேண்டும். 222-ல் நின்றால் அது நிரந்தரமாக இளகிவிட்டது. அதன் கம்பி தாங்கும் எல்லையைத் தாண்டிவிட்டீர்கள், அல்லது கொக்கி விரிந்துவிட்டது. முதலில் கொக்கியைப் பாருங்கள்.

பள்ளித் தேர்வுக்கு இதே விடையை நியூட்டனில் கேட்பார்கள். 8 கிலோ × 9.8 = 78.4 நியூட்டன். 41 மி.மீ. என்பது 0.041 மீட்டர். வகுத்தால் மாறிலி மீட்டருக்கு 1912 நியூட்டன். கிலோவையே விசை என்று எழுதிவிட்டு அலகை மட்டும் நியூட்டன் என்று போடுவது விடைத்தாளில் அடிக்கடி வரும் பிழை. பட்டறையில் யாருக்கும் நியூட்டன் தேவைப்படாது. "கிலோவுக்கு அஞ்சு எம்எம்" என்றால் புரிந்துவிடும். ஆய்வகத்தில் தரும் மெல்லிய ஸ்பிரிங்குகளில் முன்னிறுக்கம் பெரும்பாலும் மிகக் குறைவு. அதனால்தான் அங்கே எளிய விதியே பலித்துவிடுகிறது.

ஆட்டி எண்ணிச் சரிபார்ப்பது

ஸ்கேலே இல்லாமல் மாறிலியைப் பிடிக்க இன்னொரு வழி உண்டு. 10 கிலோ தொங்கும்போது பக்கெட்டை ஒரு செ.மீ. கீழே இழுத்து விடுங்கள். மேலும் கீழுமாக ஆடும். கீழே வரும்போது "சுழி" என்று எண்ணத் தொடங்கி, 20 ஆட்டத்துக்கு எத்தனை நொடி என்று கைபேசியில் பாருங்கள். நம் ஸ்பிரிங்குக்கு 9.15 நொடி வர வேண்டும். ஒரு ஆட்டத்துக்கு 0.4575 நொடி.

மாறிலி = 39.5 × எடை ÷ (ஆட்ட நேரம் × ஆட்ட நேரம்). இங்கே எடையோடு ஸ்பிரிங்கின் சொந்த எடையில் மூன்றில் ஒரு பங்கைச் சேர்க்க வேண்டும். இந்த ஸ்பிரிங் சுமார் 408 கிராம், மூன்றில் ஒரு பங்கு 136 கிராம். 39.5 × 10.136 ÷ 0.2093 = ஏறக்குறைய 1913. அளந்து கண்ட விடையோடு ஒட்டிப்போகிறது.

இந்த முறையின் அழகு, முன்னிறுக்கம் இதில் குறுக்கே வராது என்பதுதான். ஒரே நிபந்தனை: ஆடும்போது சுற்றுகள் மேலே போய் மூடி "டக்" என்று தட்டக் கூடாது. 10 கிலோவில் ஸ்பிரிங் 30 மி.மீ. திறந்திருப்பதால் ஒரு செ.மீ. ஆட்டம் பாதுகாப்பானது. தொடக்கத்தில் "ஒன்று" என்று எண்ண ஆரம்பித்தால் 19 ஆட்டத்தை 20 என்று கணக்கிட்டிருப்பீர்கள், விடை பத்து சதவீதம் தவறும்.

எடை தொங்கவிடாமல் கம்பியை அளந்தே சொல்வது

வாங்காத ஸ்பிரிங்குக்கு என்ன செய்வது? வெர்னியர் இருந்தால் போதும்.

மாறிலி = 79000 × (கம்பித் தடிமன்)⁴ ÷ (8 × (சராசரி விட்டம்)³ × சுற்று)

எல்லா நீளமும் மி.மீ.யில், விடை மி.மீ.க்கு நியூட்டனில். 79000 என்பது ஸ்பிரிங் எஃகின் விறைப்பு எண்; ஸ்டெயின்லெஸ் கம்பி என்றால் 69000 போடுங்கள். அதே அளவில் ஸ்டெயின்லெஸ் ஸ்பிரிங் வாங்கினால் 14 சதவீதம் கூடுதலாக நீளும், இது பலருக்குத் தெரியாது.

நம் ஸ்பிரிங்: தடிமன் 4, நான்கு தடவை பெருக்கினால் 256. சராசரி விட்டம் என்பது வெளிவிட்டத்தில் ஒரு கம்பித் தடிமனைக் கழித்தது, 36 − 4 = 32. அதை மூன்று தடவை பெருக்கினால் 32768. ஆக 79000 × 256 ÷ (8 × 32768 × 40) = 1.93. அளந்து கிடைத்தது 1.91 (மீட்டருக்கு 1912 என்பதை 1000-ஆல் வகுத்தது). ஒரு சதவீத வித்தியாசம், கொக்கிகளும் கொஞ்சம் வளைந்து கொடுக்கும் என்பதால்.

இங்கே தவறு நடக்கும் இடங்கள் இரண்டு. வெளிவிட்டத்தையே 36 என்று போட்டால் மாறிலி முப்பது சதவீதம் குறைந்துவிடும். இன்னொன்று கேஜ், அதாவது கம்பித் தடிமனைச் சொல்லும் கடை எண். கடையில் "எட்டு கேஜ்" கம்பி என்றால் 4.06 மி.மீ. அதை 4 என்று எடுத்துக்கொண்டால் வெறும் 0.06 தானே என்று தோன்றும். ஆனால் நான்கு தடவை பெருக்குவதால் அது விடையில் சுமார் 6 சதவீதம் ஆகிவிடும். எனவே கம்பியை மூன்று இடத்தில் அளந்து சராசரி எடுங்கள். துருவையோ பெயிண்டையோ சேர்த்து அளந்துவிடாதீர்கள்.

சுற்று எண்ணிக்கைக்கு நேர் எதிராக மாறிலி மாறும். 40 சுற்று ஸ்பிரிங்கைப் பாதியாக வெட்டிக் கொக்கி மடக்கினால் கிலோவுக்கு 2.56 மி.மீ. தான் நீளும், இரு மடங்கு விறைப்பு. ஆனால் முன்னிறுக்கம் அதே 4.05 கிலோவாகவே இருக்கும். வெட்டினால் இளகும் என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

இரண்டு ஸ்பிரிங் மாட்டினால்

ஒன்றன் கீழ் ஒன்றாக மாட்டினால் இரண்டும் முழு எடையையும் சுமக்கும். கிலோவுக்கு நீளும் அளவு இரட்டிக்கும், முன்னிறுக்கம் அப்படியே. பக்கத்தில் பக்கத்தில் மாட்டினால் எடை பாதி பாதி. கிலோவுக்கு நீளும் அளவு பாதியாகும், முன்னிறுக்கம் இரட்டித்து 8.1 கிலோ ஆகும்.

இதன் விளைவைத் தொட்டிலில் பாருங்கள். பிறந்த குழந்தை 3 கிலோ, சேலையும் வளையமும் 1 கிலோ. மொத்தம் 4 கிலோ. மேலே சொன்ன ஒற்றை ஸ்பிரிங்கிலேயே இது அசையாது. பாதுகாப்புக்கு என்று இரண்டைச் சேர்த்து மாட்டினால் பிள்ளைக்கு ஏழு கிலோ ஆகும் வரைக்கும் ஸ்பிரிங் வெறும் இரும்புக் கம்பிதான். "புது ஸ்பிரிங், இன்னும் பழகலை" என்று சொல்லிக்கொள்வார்கள். பழகுவதற்கு அதில் ஒன்றும் இல்லை, முன்னிறுக்கம் அதிகம், அவ்வளவுதான்.

எவ்வளவு எடையோடு நிறுத்துவது

எடையை மெல்ல இறக்கினால் கணக்கில் வந்த நீட்சி. மூடிய ஸ்பிரிங்கில் எடையைச் சட்டென்று விட்டால் அது அதன் இரு மடங்கு வரை இறங்கி மேலே வரும். அந்த அடிமட்டத்தில் ஸ்பிரிங் தாங்கும் விசை = 2 × எடை − முன்னிறுக்கம். பிள்ளையும் சேலையும் 9 கிலோ என்றால் 14 கிலோ. பரவாயில்லை. ஆனால் 21 கிலோ அண்ணன் தம்பியோடு தொட்டிலில் ஏறிக் குதித்தால் மொத்தம் 30 கிலோ, அடிமட்டத்தில் 56 கிலோ. தொட்டில் 27 செ.மீ. தாழும்.

கம்பி தாங்குமா என்பதற்குத் தகைவைப் பார்க்க வேண்டும், அதாவது கம்பியில் சதுர மி.மீ.க்கு விழும் விசை: தகைவு = 8 × விசை × சராசரி விட்டம் ÷ (3.14 × தடிமன்³). உள் வளைவில் தகைவு கூடுதலாக விழுவதால், விட்டம் தடிமனைப்போல் எட்டு மடங்கு உள்ள ஸ்பிரிங்குக்கு இதை 1.18-ஆல் பெருக்க வேண்டும். 56 கிலோவுக்கு, அதாவது 549 நியூட்டனுக்கு, சதுர மி.மீ.க்கு சுமார் 826 நியூட்டன் வருகிறது. 4 மி.மீ. நடுத்தர ரக ஸ்பிரிங் கம்பியின் இழுவலிமை 1500-க்குச் சற்று மேல். சுருளில் அதில் பாதியைத் தொடவிடக் கூடாது, 45 சதவீதத்தோடு நிறுத்துவதே நல்லது. 826 அந்த எல்லையைத் தாண்டியாயிற்று. அதுவும் முறிவது சுருளில் அல்ல, கொக்கி மடங்கும் இடத்தில். துரு பிடித்த குழி ஒன்று அங்கே இருந்தால் இன்னும் முன்பே போகும். எனவே ஸ்பிரிங்கின் உள்ளே தளர்வாக ஒரு சங்கிலியோ பக்கத்தில் ஒரு கயிறோ விட்டத்துக்கும் வளையத்துக்கும் தனியே கட்டிவிடுங்கள். ஸ்பிரிங் முறிந்தாலும் தொட்டில் விழாது. ஆடி நோம்பிக்குப் பெரியவர்கள் ஆடும் தூரியில் (ஊஞ்சலில்) இந்த ஸ்பிரிங்கை மாட்டும் யோசனை யாருக்காவது வந்தால், இந்தப் பத்தியைப் படித்துக் காட்டுங்கள்.

பட்டறையில் சொல்லிச் செய்வது

கோவையில் கணபதி, குறிச்சி சிட்கோ பக்கம் சொன்ன அளவுக்கு ஸ்பிரிங் சுற்றித்தரும் ஆட்கள் உண்டு. "பழைய மாதிரி ஒன்று" என்று கொண்டுபோனால் பழைய கோளாறும் சேர்ந்தே வரும். எண்ணாக எழுதிக்கொண்டு போங்கள்.

பிறந்த குழந்தையிலிருந்து ஒரு வயது வரை ஒரே ஸ்பிரிங் வேண்டும் என்று வைப்போம். 4 கிலோவிலேயே கொஞ்சம் திறக்க வேண்டும், ஆக முன்னிறுக்கம் 2 கிலோ. நீட்சி கிலோவுக்கு 8 மி.மீ. மாறிலி 9.8 ÷ 8 = 1.225. பத்து கேஜ் கம்பி 3.25 மி.மீ., வெளிவிட்டம் 32, சராசரி 28.75. முன் சொன்ன சூத்திரத்தைத் திருப்பிப் போட்டால் சுற்று 37.8. ஆக 38. 20 கிலோ விசையில் தகைவு 490-க்குள் நிற்கிறது. 10 கிலோ தொட்டில் சட்டென்று விழுந்தாலும் 18 கிலோதான் வரும். சீட்டில் எழுத வேண்டியது இவ்வளவுதான்: ஸ்பிரிங் எஃகு, கம்பி 3.25, வெளிவிட்டம் 32, 38 சுற்று, ஒட்டிச் சுற்றியது, முன்னிறுக்கம் 2 கிலோ, கொக்கி மடிப்பில் கூர்முனை வேண்டாம்.

முன்னிறுக்கம்தான் கைக்குக் கை மாறும். லேத்தில் கையால் சுற்றும்போது கம்பியைப் பிடிக்கும் இழுப்பைப் பொறுத்து அது கூடும், குறையும். சுற்றிய பிறகு சூட்டில் வைத்து எடுத்தால் கொஞ்சம் இறங்கும். அதனால் கையில் வாங்கும்போதே அங்கேயே 4 கிலோவைத் தொங்கவிட்டுக் கொக்கிக்குக் கொக்கி அளங்கள், பிறகு 12 கிலோ. இடைவெளி 64 மி.மீ. வர வேண்டும், 60-க்கும் 68-க்கும் நடுவில் இருந்தால் கம்பியும் சுற்றும் சரி. இடைவெளி சரியாக வந்தும் 4 கிலோவில் ஸ்பிரிங் திறக்கவே இல்லை என்றால் முன்னிறுக்கம் மட்டும் கூடிவிட்டது. அதை மறுபடி சுற்ற வேண்டியதில்லை. மீண்டும் சூட்டில் வைத்து எடுக்கச் சொல்லுங்கள்.